23சி பயணியின் புகார்

பிப்ரவரி 9

பெறுநர்: பகல் பணி மேலாளர், விமான நிலையம்.
அனுப்புநர்: 23சி இருக்கைப் பயணி.
பொருள்: பயணிகளை ஐந்தே முக்கால் மணி நேரம் விமானத்துக்குள்ளேயே உட்கார வைத்தது தொடர்பாக.

ஐயா,

இம்மாதம் நான்காம் தேதி நான் பயணம் செய்த விமானம், போய்ச் சேர வேண்டிய ஊரில் புயல் மழை என்பதால் தங்கள் நிலையத்தில் காலை 9.20க்கு இறக்கப்பட்டது. கட்டடத்திலிருந்து தள்ளி, வெயிலில், ஒரு மூலையில் நிறுத்தினார்கள். கதவு திறந்தது பிற்பகல் 3.05க்கு. இடையில் "இன்னும் அரை மணி நேரத்தில் புறப்படுவோம்" என்ற அறிவிப்பு ஒன்பது முறை வந்தது. எண்ணினேன். வேறு வேலை இல்லை.

பன்னிரண்டு மணிக்குக் குடிநீர் தீர்ந்தது. சற்று நேரத்தில் பின்பக்கக் கழிவறைகள் இரண்டும் அடைத்துக்கொண்டன. முன்பக்கம் இருந்த ஒன்றுக்கு நூற்று எண்பத்திரண்டு பேர். 24ஏ இருக்கையில் ஒரு பெரியவர், எண்பது வயது இருக்கும். ஒரு மணி வாக்கில் எழுந்து வரிசைக்குப் போனார். நிற்க முடியாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு நடந்ததைத் தட்டச்சு செய்ய எனக்கு விருப்பமில்லை. என் சால்வையை அவர் மடியில் போர்த்திவிட்டேன். அதற்குப் பிறகு அவர் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை: பயணிகளை இறக்கும் அதிகாரம் அன்று யாரிடம் இருந்தது? அதை எப்போது பயன்படுத்தியிருக்கலாம்? ஏன் பயன்படுத்தவில்லை?

இப்படிக்கு,
23சி பயணி, ஓய்வுபெற்ற தட்டச்சர்


பிப்ரவரி 16
மடல் எண்: ப.ப. 46

மதிப்புக்குரிய பயணி அவர்களுக்கு,

தங்கள் 9ஆம் தேதியிட்ட புகார் கிடைக்கப்பெற்றது. மேற்படி விமானம் எந்த நேரத்திலும் புறப்படக்கூடிய நிலையில் இருந்ததாலும், பயணிகளை இறக்குமாறு விமான நிறுவனத்திடமிருந்து கோரிக்கை வராததாலும், படிக்கட்டு வண்டியும் பேருந்துகளும் அனுப்பப்படவில்லை. காத்திருப்பு மூன்று மணி நேரத்தைத் தாண்டினால், கோரிக்கை இல்லாமலே பயணிகளை இறக்கும் அதிகாரம் பணி மேலாளருக்கு உண்டு என்பது உண்மையே. அன்றைய சூழலில் அது பயன்படுத்தப்படவில்லை.

ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.

இப்படிக்கு,
பகல் பணி மேலாளர்

கால் வீக்கம் குறைந்துவிட்டதா?


பிப்ரவரி 21

டேய்,

கடைசி வரியை மட்டும் பேனாவால் எழுதியிருக்கிறாய். என் புகாரில் கால் வீக்கம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நகல் என்னிடம் இருக்கிறது. முப்பத்தொரு வருடம் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள், நகல் எடுக்காமல் எதையும் அனுப்புவேனா? ஆக, நான் படியிறங்கியதை நீ எங்கேயோ நின்று பார்த்திருக்கிறாய். பெற்றவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கால் வைத்ததைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறாய்.

"ஏற்பட்ட அசௌகரியம்" என்று எழுதியிருக்கிறாயே, அது மழை மாதிரி தானாக வந்து கொட்டியதா? இந்த வாக்கியத்தை என் மேலதிகாரிகளுக்காக ஆயிரம் தடவை அடித்துக் கொடுத்திருக்கிறேன். என் மகன் எனக்கே அதை அனுப்புவான் என்று நினைத்ததில்லை.

விமானி உன் ஊர்ப் பெயரைச் சொன்னதும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நாலு வருடமாக உன் குரலைக்கூடக் கேட்கவில்லை. வக்கீல் அலுவலகத்தில் உன் மனைவியும் நீயும் பிரியும் பேச்சு நடந்தபோது, "தப்பு என் பையன் பேர்லதான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அதற்கு நீ, "இனிமே எனக்கு அம்மா இல்லை" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனாய். நான் சொன்னது நிஜம். சொன்ன இடம் தப்பு. இதை அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். வீம்பு.

கீழே இறங்கி உள்ளே வந்ததும், கவுண்டரில் இருந்த பெண் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவளாகவே சொன்னாள்: "எங்க சார் விமானக் கம்பெனிக்காரங்ககிட்ட சண்டை போட்டாவது ரெண்டு மணி நேரத்துக்கு மேல யாரையும் உள்ள உட்கார விடமாட்டார்மா. நாங்க அவரைப் படிக்கட்டு சார்னுதான் சொல்லுவோம். இன்னிக்கு அவருக்கு என்ன ஆச்சுன்னே தெரியல."

"அவரைப் பார்க்கணும்மா. அவங்க அம்மா வந்திருக்காங்கன்னு சொல்லு" என்றேன்.

உள்ளே போனாள். வெளியே வந்து, என் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "சார் இன்னிக்கு லீவும்மா" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண்ணை ஏன்டா அனுப்புகிறாய்?

இப்போது விஷயம். மருமகளுக்கு வெளிநாட்டு மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. ஏப்ரல் கடைசியில் உன் பாப்பாவை அழைத்துக்கொண்டு போகிறாள். என்னையும் கூப்பிடுகிறாள். அதற்காகத்தான் அன்று அவள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன்; இப்போதும் இங்கேதான் இருக்கிறேன். என் வயதில் அவ்வளவு தூரம் போனால் திரும்பி வருவது நடக்காத காரியம். இன்னும் சரி என்று சொல்லவில்லை.

எனக்கு நீ ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் உள்ளே இருப்பது உனக்கு எப்போது தெரியும்? மூன்று மணி நேரம் ஆவதற்கு முன்பா, பின்பா?

அம்மா


மார்ச் 1

அம்மா,

முன்பு. பயணிகள் பட்டியல் பதினொன்றரைக்கு என் மேசைக்கு வந்தது. மூன்று மணி நேரம் ஆக இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. போதுமா?

உன் பெயரைப் பார்த்த பிறகு நான் படிக்கட்டு அனுப்பியிருந்தால், "அவங்க அம்மா உள்ள இருந்தாங்க, அதான்" என்று மறுநாளே பேசுவார்கள். என் நாற்காலிக்கு நாலு பேர் காத்திருக்கிறார்கள். உனக்கு மட்டும் சலுகை காட்ட முடியாது. இரண்டாவது, பயணிகளை இறக்கிவிட்டால் திரும்ப ஏற்ற ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அதற்குள் அங்கே மழை விட்டிருந்தால் எல்லாரும் என்னைத்தான் திட்டியிருப்பார்கள். மூன்றாவது, விமான நிறுவனம் கேட்கவில்லை.

நீ யார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாய் என்பதும் எனக்குத் தெரியும். நாலு வருடமாக என்னைக் கேட்டா அங்கே போய் வருகிறாய்? இப்போது மட்டும் ஏன் என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்? போக வேண்டுமென்றால் போ.


மார்ச் 6

மகனுக்கு,

சலுகை என்கிறாய். மற்ற விமானங்களுக்கெல்லாம் இரண்டு மணி நேரத்தில் போன படிக்கட்டு, எங்களுக்கு மட்டும் வரவில்லை. இதற்குப் பெயர் சலுகை இல்லை.

சின்ன வயதில் நீ பொய் சொல்லும்போது இரண்டு மூன்று காரணம் சொல்வாய். நிஜத்தைச் சொல்லும்போது ஒன்றுதான் சொல்வாய். உன் கடிதத்தில் மூன்று காரணம் இருக்கிறது.

மருமகளிடம் சரி என்று சொல்லிவிட்டேன். ஏப்ரல் 26ஆம் தேதிப் பயணம். ஊருக்குப் போய் என் வீட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நாற்பது வருடச் சாமான் இரண்டு பெட்டிக்குள் அடங்கிவிட்டது, எனக்கே ஆச்சரியம்.

என்னிடம் நீ மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம். 24ஏ என்று ஒரு மனிதர் இருக்கிறார்.

அம்மா


மார்ச் 19

அம்மா,

காரணம் ஒன்றுதான். பயம்.

பட்டியலில் உன் பெயரைப் பார்த்ததும் எழுந்து போய் முகம் கழுவினேன். சட்டையைச் சரி செய்துகொண்டேன். நானே படிக்கட்டு வண்டியில் ஏறி வந்து உன்னைக் கையைப் பிடித்து இறக்குவதாகத்தான் இருந்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். பிறகு, கீழே நின்று என்ன சொல்வது என்று யோசித்தேன். "வாங்கம்மா" என்றா? நீ எல்லார் முன்னாலும் என்னைத் தாண்டி நடந்து போய்விட்டால் என்ன செய்வது? நீ அழுதுவிட்டால்? நான் அழுதுவிட்டால்? மறுபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

படிக்கட்டு வண்டி ஓட்டுநர் மூன்று தடவை வயர்லெஸ்ஸில் கேட்டார். "சார், கிளம்பவா?" முதல் இரண்டு தடவை, "இருங்க, பார்ப்போம்" என்றேன். மூன்றாவது தடவை பொத்தானை அழுத்திவிட்டுப் பேசாமலே விட்டுவிட்டேன். என் மூச்சுச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

இன்னும் அரை மணி நேரத்தில் விமானம் கிளம்பிவிடும் என்று உங்களுக்குச் சொன்னார்களே, அதை உங்களையெல்லாம்விட நான்தான் அதிகமாக நம்பினேன். கிளம்பிவிட்டால் உன்னைப் பார்க்க வேண்டாம். பார்க்காமல் போனதும் என் தப்பாக இருக்காது. கடைசியில் படிக்கட்டை அனுப்பியதும் நான் இல்லை. விமானி கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் சத்தம் போட்டு, மேலதிகாரி வீட்டிலிருந்து போன் செய்து அனுப்பச் சொன்னார்.

நீ கவுண்டரில் பேசியபோது கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். "அவங்க அம்மா வந்திருக்காங்கன்னு சொல்லு" என்றாயே, கேட்டது. உன் குரல் முன்னைப் போல இல்லை, கொஞ்சம் கம்மியிருக்கிறது. நீ போன பிறகு மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அந்தப் பெண் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

24ஏ பெரியவரைப் போய்ப் பார்த்தேன். பட்டியலிலிருந்து விலாசத்தை எடுத்தது கூடாத காரியம், எடுத்தேன். அதைத் தனிச் சீட்டில் உனக்கும் எழுதி வைத்திருக்கிறேன், இதுவும் கூடாது. விடுமுறை நாளில் ஐந்து மணி நேரம் பேருந்தில் போனேன். மாடியில் ஒரே அறை. தனியாக இருக்கிறார். சுவர் பக்கம் ஒரு கட்டில், ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி. நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

நிதானமாகக் கேட்டுவிட்டு, "நீங்க ஆள் மாறி வந்துட்டீங்க தம்பி. நான் அந்த விமானத்துல வரவே இல்லை" என்றார்.

உன் சால்வை அந்த நாற்காலியில் இருந்தது, அம்மா. நீலத்தில் வெள்ளைக் கரை போட்டது, எனக்குத் தெரியாதா? நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். வாசல் வரை வந்துவிட்டு, திரும்பிப் போய் அதை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "யாரோ வழியில மறந்துட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருந்தா குடுத்துடுங்க." அவ்வளவுதான் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சால்வையைத் தனியே பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

நீ இருக்கும் ஊர்தானே அது. திரும்பும்போது உங்கள் தெருவுக்குப் போகும் பேருந்து என் முன்னால் வந்து நின்றது. கண்டக்டர் "ஏறுறீங்களா?" என்று கேட்டார். ஏறவில்லை. பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். அவள் யாரிடமோ கேட்பது போல "நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று நின்றேன். என்னை இப்படித்தான் வளர்த்தாயா என்று கேட்காதே. நீ இப்படி வளர்க்கவில்லை.

அன்று நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதி மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். பயணிகளில் ஒருவர் என் தாயார், அவரை நேரில் பார்க்கத் தயங்கியதால் படிக்கட்டு அனுப்பவில்லை என்று எழுதினேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "இதைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதிக் குடுங்க" என்றார். மாட்டேன் என்றேன்.

இங்கே எனக்கு இரண்டு அறை வீடு. ஒன்றைத் திறப்பதே இல்லை. விடுமுறை நாளில் பேச ஆள் இல்லாமல் அலுவலகத்துக்கே வந்து, வருகைப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். தாமதமான விமானங்களுக்குப் படிக்கட்டு அனுப்பச் சொல்லிவிட்டு, இறங்கி வருகிறவர்களைப் பார்ப்பேன். அதற்குத்தான் எனக்கு அந்தப் பட்டப்பெயர்.

போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். போகாதே, அம்மா.


மார்ச் 27

கண்ணா,

பார்சல் வந்தது. துவைத்து, தேய்த்து, கடையில் வாங்கினது போல மடித்திருக்கிறார். அதைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

நீ நிஜத்தைச் சொல்லிவிட்டாய். நானும் சொல்ல வேண்டும். இத்தனை நாள் நான் உன்னை மட்டும் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று பன்னிரண்டரை மணிக்கு, தலைமைப் பணிப்பெண் ஒவ்வொரு வரிசையாக வந்தாள். குனிந்து, மெதுவாகச் சொன்னாள்: "யாருக்காவது உடம்பு முடியலைன்னா சொல்லுங்க. அவசரம்னு தகவல் போனா உடனே கதவைத் திறந்தாகணும்." எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் கால் இரண்டும் தலையணை போல வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றி வைத்திருந்தேன். பக்கத்து இருக்கைப் பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். "அம்மா, உங்க காலைக் காட்டினாலே போதும்மா. முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று என் கையைப் பிடித்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லை. நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, பார். உள்ளதைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் கதவு திறந்தால் நீ வருவாய். நாலு வருடம் கழித்து உன்னை நான் தூக்குப் படுக்கையில் படுத்துக்கொண்டா பார்ப்பேன்? என்னை விட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போகிறாயே, பார் உன் நிலைமையை என்று உன் முகம் சொல்லுமோ என்று நினைத்தேன். காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான் 24ஏ எழுந்து வரிசைக்குப் போனார்.

நீ வெளியே இருந்து திறக்கவில்லை. நான் உள்ளே இருந்து திறக்கவில்லை. நடுவில் அத்தனை பேரும் நம் இரண்டு பேரின் வீம்பில் வெந்துகொண்டிருந்தார்கள். புகாரை அவ்வளவு காரமாக எழுதினேனே, அதில் பாதி என் மேல் எனக்கு இருந்த கோபம். உன் மேலதிகாரிக்கும் இதை எழுதி அனுப்பியிருக்கிறேன். நகல் வைத்திருக்கிறேன்.

நேற்று நானும் பெரியவர் வீட்டுக்குப் போனேன். மாடி ஏற நேரமானது. கதவைத் திறந்தவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது, தெரியாதது போல "யாரும்மா?" என்றார். நான் அதற்கு மேல் அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று, "வீடு தேடி வந்தேன், மாடி மாறிடுச்சு போல" என்றேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கிளம்பும்போது, "பார்த்து இறங்குங்க, கால் வீங்கியிருக்கு" என்றார்.

போகாதே என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போகத்தான் வேண்டும், கண்ணா. பாப்பாவுக்குப் பதினொரு வயது. அவள் அம்மா வேலைக்குப் போனால் வீட்டில் ஒரு ஆள் வேண்டும். மருமகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். நீ ஒரு மாதம் முன்பே அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் என்ன செய்திருப்பேனோ, தெரியாது. அதை யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

நாங்கள் உன் ஊரில்தான் விமானம் மாற வேண்டும். 26ஆம் தேதி காலை 10.40க்கு வந்து இறங்குவோம். அடுத்தது 4.15க்கு. மருமகள் உள்ளேயே இருப்பாள். நான் வெளியே வருகிறேன். பாப்பா என்னோடு வருவாளா என்று அவளே முடிவு செய்யட்டும்; நான் கேட்கப் போவதில்லை, நீயும் கேட்காதே.

வெளியே வரவும் திரும்ப உள்ளே போகவும் ஒன்றரை மணி நேரம் கழித்தால், நமக்கு நாலு மணி நேரம் இருக்கும். என்ன பேசுவது என்று யோசித்து வைக்காதே. யோசித்தால் வரமாட்டாய்.

அம்மா


ஏப்ரல் 11

அம்மா,

விசாரணை முடியும் வரை என்னைப் பணியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். நேற்று அனுமதி அட்டையை ஒப்படைத்துவிட்டேன். மறந்துபோய் இன்று காலை பழைய வாசல் வழியாகவே நுழையப் பார்த்தேன். காவலர் பத்தொன்பது வருடமாக எனக்கு வணக்கம் சொல்கிறவர். "சார், மன்னிச்சுக்குங்க" என்று கையைக் குறுக்கே நீட்டினார். அவர் மேல் வருத்தம் இல்லை.

அதனால் படிக்கட்டுக்குக் கீழே நிற்க முடியாது. கவுண்டருக்கும் வர முடியாது. பயணிகள் வெளியே வரும் வாசலில், கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம், எல்லாரும் நிற்கும் இடத்தில்தான் நிற்பேன். அங்கே நின்று நான் யாருக்கும் காத்திருந்ததில்லை. இன்று ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். வெளியே வருகிறவர்களுக்கு முதலில் வெயில்தான் கண்ணில் அடிக்கும், எதிரில் நிற்கிறவர்களின் முகம் சரியாகத் தெரியாது. ஆகவே வெளியே வந்ததும் அவசரப்பட்டு நடக்காதே. கொஞ்சம் நில்.

சக்கர நாற்காலிக்கு அந்தக் கவுண்டர் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். கோபப்படாதே. உட்காரப் பிடிக்கவில்லை என்றால் பையை அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு வா. பாப்பா வந்தால் வரட்டும், வராவிட்டால் கேட்க மாட்டேன்.

எட்டு மணிக்கே வந்துவிடுவேன். நாலு வருடத்தில் எனக்கு முன்தலை முழுக்க நரைத்துவிட்டது, அம்மா. கண்ணாடி போட்டிருக்கிறேன், இளைத்தும் போயிருக்கிறேன். அடையாளம் தெரியாமல் என்னைத் தாண்டிப் போய்விடாதே. நான் கூப்பிடுவேன். குரல் வராவிட்டால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன்.